"நீ பார்த்துப் படிக்கிற ஆள்" என்று எங்கள் பிள்ளைகளுக்கு முத்திரை குத்தாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கம்பஸிலும் கல்வியியற் கல்லூரியிலும் பிள்ளைகள் படிக்கிற, அல்லது ஏ.எல். எழுதிவிட்டுக் காத்திருக்கிற வாப்பா உம்மாமார் கடைசி வரைக்கும் வாசியுங்கள். சிலருக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது.

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு என்னிடம் படித்த ஒரு பிள்ளை உம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம். எங்கள் பாடசாலையில் இருந்து விஞ்ஞானத்துக்குப் போன கொஞ்சப் பேரில் ஒருத்தி. அவளுடைய ரிசல்ட் வந்த நாளில் அவளை விட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வா.

இப்போது முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் விழுந்துவிட்டது. உம்மாவின் கையில் லெமினேட் பண்ணின ஒரு சான்றிதழ். ஊரில் நடந்த ஒரு செமினாரில் 2000 ரூபா கட்டி எடுத்தது. "உங்கள் கற்றல் பாணி: காட்சிவழிக் கற்பவர்" என்று அதில் வர்ண எழுத்தில் இருக்கிறது.

உம்மா கேட்டா: "சேர், இவ பாத்துப் படிக்கிற ஆளாம். கம்பஸ்ல எல்லாம் லெக்சர் கேக்கிறதும் புத்தகம் வாசிக்கிறதும்தானே. அதான் ஏறுதில்லயாம். இத விட்டுட்டு வேற ஏதும் கோர்ஸ் செய்ய விடுவமா?"

ஒரு பிள்ளை 13 வருடம் படித்துப் பிடித்த பல்கலைக்கழக இடத்தை, 16 கேள்விக்கு டிக் போட்டு வந்த ஒரு தாளை நம்பி விடப் போகிறது. நான் இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளையிடம் கேட்டேன், "மகள், எப்படிப் படிச்சீங்க?" யூடியூப் வீடியோ பார்த்தாளாம். ஏழெட்டு நிறப் பேனையால் அழகான வரைபடம் கீறினாளாம். கொண்டுவந்தும் காட்டினாள். உண்மையிலேயே அழகு. "டெக்ஸ்ட் புக்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் வாசிச்சுப் படிக்கிற ஆள் இல்ல சேர்" என்றாள்.

அந்த வரைபடத்தை வாங்கி மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இப்ப இதப் பாக்காம ஒரு வெள்ளைத் தாள்ல கீறுங்க" என்றேன். கால்வாசி கூட வரவில்லை. சொந்தக் கையால் கீறின படம்!

பிறகு "பிரசாரணம் என்டால் என்ன?" என்று கேட்டேன். தமிழில் மடமடவென்று சொன்னாள். ஒரு பிழை இல்லை. அதே விஷயத்தை அவளுடைய இங்கிலிஷ் புத்தகத்தில் ஒரு பந்தி வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

வருத்தம் எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும். 13 வருடம் தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளையை ஒரே நாளில் இங்கிலிஷ் விரிவுரைக்குள் கொண்டுபோய் இருத்தியிருக்கிறோம். அவளுக்கு வேண்டியது இங்கிலிஷில் வாசிக்கிற பழக்கம். அந்தப் பழக்கத்தையே அவளிடம் இருந்து பறித்துவிட்டது அந்த லெமினேட் தாள். "நீ வாசிச்சுப் படிக்கிற ஆள் இல்லை" என்று அது சொல்லிவிட்டது. அவளும் நம்பிவிட்டாள். அதிகம் வாசிக்க வேண்டிய வருடத்தில் அவள் வாசிக்கவே இல்லை.

இதில் முதல் குற்றவாளி நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் இதை எனக்கும் படிப்பித்தார்கள். பிள்ளைகள் மூன்று வகை: பார்த்துப் படிக்கிறவர், கேட்டுப் படிக்கிறவர், செய்து படிக்கிறவர். நான் அதைச் சார்ட் பேப்பரில் எழுதி வகுப்பில் தொங்கவிட்டேன். பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தேன். மேற்பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். அந்த வகுப்பில் ஒரு மகன் இருந்தான். வாசிக்கத் திணறுவான், ஆனால் எதையும் கழற்றிப் பூட்டுவான். "இவன் செய்து படிக்கிற ஆள்" என்று நான் முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு அவனை வாசிக்கச் சொல்லி நெருக்கவில்லை. அவன் மேல் இரக்கம் காட்டுகிறேன் என்று நினைத்தேன். ஓ.எல். சோதனையில் தமிழே சரிவரவில்லை. இன்றைக்கு அவன் நல்ல மெக்கானிக், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெளிநாட்டுக்குப் போக ஒரு போர்ம் நிரப்ப வேண்டும் என்றால் என்னிடம்தான் கொண்டு வருவான். ஒவ்வொரு முறையும் அந்தப் போர்மை நிரப்பும்போது எனக்குள் ஒன்று குத்தும். அவனுக்கு வாசிக்கப் பழக்க வேண்டியது என் கடமை. ஒரு பெயரைச் சூட்டி அந்தக் கடமையில் இருந்து நான் தப்பிவிட்டேன்.

ஆகவே இது மற்றவர்களை மட்டும் குறை சொல்கிற பதிவு இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தக் கற்றல் பாணிக் கதை எங்கே இருந்து வந்தது? ஒன்றல்ல, எத்தனையோ மாதிரிகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் ஃபிராங்க் கொஃபீல்ட் தலைமையில் ஒரு குழு 2004இல் தேடிப் பார்த்து 71 வகையான மாதிரிகளை எண்ணியது. எங்கள் ஊருக்கு வருகிற 16 கேள்வித் தாளின் மூலம் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃப்ளெமிங் 1992இல் அறிமுகப்படுத்தியது. பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு வகை. எங்கள் செமினார்காரர்கள் அதையும் சுருக்கி மூன்றாக்கிவிட்டார்கள்.

ஒருவருக்கு ஒரு வழி பிடிக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. எனக்கும் பிடித்த வழி இருக்கிறது. கேள்வி வேறு. பிடித்த வழியில் படித்தால் அதிகம் படியுமா என்பதுதான் கேள்வி. எனக்கு வட்டிலப்பம் பிடிக்கும். அதற்காக அதுதான் என் உடம்புக்கு நல்லது என்று எந்த டொக்டரும் எழுதித் தரமாட்டார். அதுவும் சீனி கூடின இந்த வயதில்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். "பார்க்கிற ஆட்கள்", "கேட்கிற ஆட்கள்" என்று பிரியுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிப் பேருக்குப் பார்க்கிற பாடம், மற்றப் பாதிக்குக் கேட்கிற பாடம் கொடுங்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே சோதனை வையுங்கள். பார்க்கிற ஆட்கள் பார்க்கிற பாடத்திலும், கேட்கிற ஆட்கள் கேட்கிற பாடத்திலும் கூடப் புள்ளி எடுத்தால் அந்தக் கதை உண்மை. இல்லையென்றால் பொய்.

ஹரோல்ட் பஷ்லர், மார்க் மெக்டனியல், டக் ரோரர், ரொபர்ட் பியோர்க் என்ற நான்கு உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் இதைத்தான் கேட்டார்கள். அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். இப்படி ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகளே மிகக் குறைவு. ஒழுங்காகச் சோதித்ததில் பல, கற்றல் பாணிக் கதைக்கு மாறான முடிவையே கொடுத்திருந்தன. பாடசாலைகள் இதற்குப் பணம் செலவழிக்க நியாயமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

2015இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒரே நூலின் பகுதிகளைப் பெரியவர்களில் சிலருக்குக் கேட்கக் கொடுத்தார்கள், சிலருக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். உடனேயும் சோதித்தார்கள், இரண்டு வாரம் கழித்தும் சோதித்தார்கள். அவரவர் விரும்பும் பாணிக்கும் விளங்கிக்கொண்ட அளவுக்கும் தொடர்பு இருக்கவில்லை.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படித்த 400க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் அதே கேள்வித் தாளைக் கொடுத்தார்கள். தங்கள் பாணி என்னவென்று தெரிந்த பிறகும் பெரும்பாலானவர்கள் அதன்படி படிக்கவில்லை. படித்தவர்களும் கூடப் புள்ளி எடுக்கவில்லை. விரிவுரைக் குறிப்பைத் திரும்பப் பார்த்தது, நுணுக்குக்காட்டிப் படங்களைப் பார்த்தது போன்ற சில வேலைகள்தான் நல்ல புள்ளியோடு சேர்ந்து வந்தன. பாணி எதுவாக இருந்தாலும்!

"பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நம்புறாங்களே சேர்" என்பீர்கள். சரிதான். 2012இல் பிரித்தானியா, நெதர்லாந்து ஆசிரியர்களிடம் கேட்டபோது 90 வீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இதை உண்மை என்றார்கள். நானும் அப்படி நம்பினவன்தான். எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பது ஆதாரம் ஆகாது. இதை ஒரு முஸ்லிமுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"அப்ப ஹொவர்ட் கார்ட்னர் சொன்ன பல்வகை நுண்ணறிவு?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். கார்ட்னர் 1983இல் சொன்னது திறமைகளைப் பற்றி. தன்னுடைய கோட்பாட்டையும் கற்றல் பாணியையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம் என்று அந்த மனிதரே எழுதியிருக்கிறார்.

இன்னொரு விஷயத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்து வேண்டும். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி வேண்டும். எழுத்துகளைப் பிரித்தறியச் சிரமப்படுகிற பிள்ளைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். இவை அந்தப் பிள்ளைகளின் உரிமை, பாணி அல்ல. உண்மையில், இப்படி உதவி தேவைப்படுகிற பிள்ளையை "அவன் வேற பாணி" என்று சொல்லி நாங்கள் விட்டுவிடுகிறோமே, அதுதான் பெரிய அநியாயம். என்னுடைய மெக்கானிக் மகன் அப்படி விடுபட்டவனாகக் கூட இருக்கலாம்.

சாதாரண புத்தியாலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதை எப்படிப் படிப்பது என்பதைத் தீர்மானிப்பது ஆள் அல்ல, பாடம். சமவுயரக் கோட்டுப் படத்தைப் "கேட்டுப் படிக்கிற" பிள்ளைக்கு வாயால் சொல்லிக் கொடுக்க முடியுமா? பார்த்துத்தான் ஆக வேண்டும். தஜ்வீத் சட்டத்தைப் "பார்த்துப் படிக்கிற" பிள்ளை புத்தகத்தில் மட்டும் பார்த்து மக்ரஜ் சரியாக வருமா? உஸ்தாதின் வாயில் இருந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். இரசாயனவியலில் நியமிப்புச் செய்வதற்கு, யாராக இருந்தாலும், அளவியைக் கையில் பிடித்துத்தான் ஆக வேண்டும். வுழூச் செய்யப் பழகுகிற பிள்ளைக்கு நாங்கள் சொல்லியும் காட்டுகிறோம், செய்தும் காட்டுகிறோம், அவனையும் செய்ய வைக்கிறோம். "நீ எந்தப் பாணி வாப்பா?" என்று எங்கள் உம்மாமார் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்படியென்றால் எதுதான் வேலை செய்யும்? இதற்கு ஆதாரம் இருக்கிறது. பெரிய செலவும் இல்லை.

முதலாவது, மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்து எடுப்பது. ரூடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சிறிய கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு தரம் வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தரம் வாசித்துவிட்டு, கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை வெள்ளைத் தாளில் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தரம் வாசித்தவர்கள்தான் முன்னுக்கு: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து? இரண்டு தரம் வாசித்தவர்கள் 42 வீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56இல் நின்றார்கள்.

இந்த இலக்கங்களை ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். சோதனைக்கு முதல் நாள் இரவு திரும்பத் திரும்ப வாசிக்கிற பிள்ளைக்கு "எல்லாம் தெரியும்" என்று ஏன் தோன்றுகிறது என்பதும், அடுத்த செமஸ்டரில் ஒன்றும் ஞாபகம் இல்லாமல் ஏன் நிற்கிறது என்பதும் இதில் இருக்கிறது. லேசாகப் போவது எல்லாம் படிப்பு அல்ல. கஷ்டப்பட்டு நினைவில் இருந்து இழுத்து எடுக்கிற அந்தக் கஷ்டம்தான் படிப்பு.

இரண்டாவது, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது. ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னையே சோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து எழுதினார். ஒரே இரவில் ஐந்து மணித்தியாலம் இருப்பதை விட, ஐந்து நாளில் ஒவ்வொரு மணித்தியாலம் இருப்பது மேல்.

மூன்றாவது, கலந்து செய்வது. ரோரரும் டெய்லரும் 2007இல் கல்லூரி மாணவர்களுக்குக் கனவளவு காண்கிற கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் ஒரே வகைக் கணக்கை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனார்கள். மற்றவர்கள் எல்லா வகையையும் கலந்து செய்தார்கள். செய்யும்போது கலந்து செய்தவர்கள்தான் கூடப் பிழை விட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதனை வைத்தபோது அவர்களுக்கு 63 வீதம், வகை வகையாகச் செய்தவர்களுக்கு 20 வீதம். அலகுவாரியாக மட்டும் பாஸ்ட் பேப்பர் செய்துவிட்டு முழுப் பேப்பர் செய்யாமல் ஹோலுக்குள் போகிற பிள்ளைகளே, இது உங்களுக்கு.

2013இல் டன்லொஸ்கியும் சக ஆய்வாளர்களும் மாணவர்கள் பயன்படுத்துகிற 10 முறைகளை எடைபோட்டார்கள். ஆக உயர்ந்த இடம் இரண்டுக்குத்தான் கொடுத்தார்கள்: தன்னைத் தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. நிறப் பேனையால் அடிக்கோடு போடுவதும், திரும்பத் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசையில். எங்கள் பிள்ளைகள் அதிகம் செய்வது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் இது எங்களுக்குப் புதிய விஷயமே இல்லை.

எங்கள் ஹிஃப்ழ் மத்ரஸாவுக்கு ஒரு தரம் சுபஹுக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை முஸ்ஹஃபை மூடி உஸ்தாதிடம் கொடுத்துவிட்டுப் புதிய பாடத்தைக் கொடுக்கிறான். அது மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்து எடுப்பது. பிறகு கடந்த சில நாளின் பாடம். பிறகு எப்போதோ பாடமாக்கின பழைய ஜுஸ்உ. அது இடைவெளி. ரமழானில் தராவீஹில் முழுக் குர்ஆனும் ஒரு சுற்று. ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் ஒவ்வொரு ரமழானிலும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களோடு குர்ஆனை மீட்டினார்கள், இறுதி வருடத்தில் இரண்டு தடவை மீட்டினார்கள் என்பது நாங்கள் எல்லாரும் படித்த ஹதீஸ். மீட்டாமல் விட்டால் கட்டவிழ்ந்த ஒட்டகம் போல ஓடிவிடும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில்தான் இருக்கிறது.

எந்த உஸ்தாதும் பிள்ளையைச் சேர்க்கும்போது "பார்க்கிற ஆளா, கேட்கிற ஆளா" என்று கேட்பதில்லை. பிள்ளை முஸ்ஹஃபைப் பார்க்கிறான், உஸ்தாதைக் கேட்கிறான், வாயால் ஓதுகிறான். எல்லாப் புலனும் எல்லாருக்கும்தான். இப்படி நூற்றாண்டுக் கணக்காக ஹாஃபிழ்களை உருவாக்குகிற சமூகத்துக்கு, எப்படிப் படிப்பது என்று 2000 ரூபாவுக்குத் தாள் விற்கிறார்கள். நாங்களும் வரிசையில் நின்று வாங்குகிறோம்!

கம்பஸில் படித்தவர்களுக்குக் குப்பி தெரியும். சீனியர்மார் ஜூனியர்மாருக்கு, அல்லது பட்ச்சில் விளங்கின ஒருவர் விளங்காதவர்களுக்கு, சோதனைக்கு முதல் இருந்து சொல்லிக் கொடுப்பது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த காலத்தின் பெயர் அது. குப்பி கேட்கப் போனவரை விடக் குப்பி எடுத்தவர்தான் கூடப் படிக்கிறார் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். நோட்ஸை மூடிவிட்டு இன்னொருவருக்கு விளக்குவதை விடப் பெரிய சோதனை இல்லை.

ஆகவே கம்பஸுக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

விரிவுரை முடிந்த அன்று இரவு, நோட்ஸைத் திறக்க முதல் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று 10 நிமிடம் எழுதுங்கள். வராத இடத்தை மட்டும் நோட்ஸில் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி. ஒரு வாரம் கழித்து மறுபடி. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை.

வீடியோ பார்த்தால்தான் விளங்குகிறதா? தாராளமாகப் பாருங்கள். தமிழில் பாருங்கள். விளங்குவதற்கு எந்த வழியும் நல்ல வழி. ஆனால் வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததை எழுதுங்கள். எழுத வராவிட்டால் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், படிக்கவில்லை.

இங்கிலிஷ் புத்தகத்தை ஒரு நாளைக்கு இரண்டே பக்கம் வாசியுங்கள். தெரியாத சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் நீங்கள் ஏ.எல்.இல் படித்த தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். உங்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். பெயர்தான் மாறியிருக்கிறது. முதல் மாதம் கண்ணீர் வரும். இரண்டாவது மாதம் கோபம் வரும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்க வரும், இன்ஷா அல்லாஹ்.

"எனக்கு ஏலாது, நான் அந்த வகை ஆள் இல்லை" என்ற வார்த்தையை மட்டும் வாயில் இருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, செமினார் நடத்துகிற சகோதரர்களுக்கும், அவர்களைக் கூப்பிடுகிற சங்கங்களுக்கும், பழைய மாணவர் அமைப்புகளுக்கும், பள்ளி நிர்வாகங்களுக்கும். உங்கள் நிய்யத்தை நான் சந்தேகப்படவில்லை. பின்தங்கின பிள்ளையிடம் "நீ மொக்கன் இல்லை, உன்னுடைய வழி வேறு" என்று சொல்ல ஆசைப்படுகிறீர்கள். அந்த ஆசை நல்லது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பது ஆறுதல் அல்ல, ஒரு வேலி. "உனக்கு இது ஏலும், கஷ்டமாகத்தான் இருக்கும், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்வதுதான் ஆறுதல்.

ஒரு ஹோலில் 150 பிள்ளைகளைச் சேர்த்து ஆளுக்கு 2000 எடுத்தால் 3 இலட்சம். அந்தக் காசில் ஊர் வாசிகசாலையை இரவு பத்து மணி வரைக்கும் திறந்து வைக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். கடந்தகால வினாத்தாள்களை அச்சடித்து வைக்கலாம். ஏ.எல். முடிந்து கம்பஸ் தொடங்கும் வரைக்கும் வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்கு, அவரவர் துறையின் இங்கிலிஷ் புத்தகத்தை வைத்து வாசிப்பு வகுப்பு நடத்தலாம். கம்பஸில் இருந்து லீவுக்கு வருகிற எங்கள் பிள்ளைகளைக் கொண்டே குப்பி எடுக்க வைக்கலாம். இதில் ஒன்றைச் செய்ய எந்தச் சங்கம் முன்வந்தாலும், வாரத்தில் இரண்டு இரவு என்னுடைய நேரத்தைக் காசில்லாமல் தருகிறேன். இதை எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன், பிறகு நான் பின்வாங்க முடியாது.

அந்தப் பிள்ளை கம்பஸை விடவில்லை. இரண்டு பாடத்தையும் ரிப்பீட் எழுதப் போகிறாள். லீவு முடிகிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு பக்கம் வாசிக்கிறாள். புத்தகத்தை மூடுகிறாள். வாசித்ததை எனக்கு விளக்குகிறாள். முதல் நாள் அந்த இரண்டு பக்கத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. நேற்று ஐம்பது நிமிடம். பாஸ் பண்ணுவாளா என்று எனக்குத் தெரியாது. அதை அல்லாஹ் அறிவான். ஆனால் நேற்றுப் போகும்போது அந்த லெமினேட் தாளை எங்கள் மேசையில் விட்டுவிட்டுப் போனாள். "உங்கட சான்றிதழ்" என்று கூப்பிட்டேன். "வேணாம் சேர், கொப்பிக்கு அடியில வச்சு எழுத நல்லா இருக்கும், நீங்களே வச்சிக்கோங்க" என்றாள்.

அவளுக்காகவும், எங்கள் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஒருமுறை பிழையாகப் படிப்பித்தவன் நான். இன்னொரு முறை அப்படி நடக்க நான் விரும்பவில்லை.

வஸ்ஸலாம்.